மெயில் வருகிறது, போகத்தான் மாட்டேன் என்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டனில் சின்னதாக ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, டைப்செட்டிங், அப்புறம் தோட்டத்துப் பிள்ளைகளின் வேலை விண்ணப்பங்களை மெயிலில் அனுப்பிக் கொடுப்பது, இதுதான் பிழைப்பு. போன மாதம் இன்டர்நெட்டை வேறு கம்பனிக்கு மாற்றினேன், அன்றிலிருந்து வருகிற மெயில் ஒழுங்காக வருகிறது, போகிற மெயில் ஒன்றுகூடப் போகவில்லை. தண்டர்பேர்ட் என்கிற மெயில் புரோகிராமில் அனுப்பச் சொன்னால் பச்சைக் கோடு கொஞ்ச நேரம் ஓடிவிட்டு, சர்வரோடு தொடர்புகொள்ள முடியவில்லை என்று கைவிரித்துவிடும். பாஸ்வேர்ட் பிழையோ என்று இரண்டு தடவை மாற்றியும் பார்த்தேன். கம்பனிக்குப் போன் எடுத்தால் ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்பார்கள். அதை மூன்று நாள் செய்தேன்.

மஸ்கெலியாவிலிருந்து வந்த பிள்ளை ஒன்று, முடிவுத் திகதியன்று, சான்றிதழ் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு கடை மூடும் நேரம்வரை உட்கார்ந்திருந்தது. வேறு வழியில்லாமல் கம்பியூட்டரை என் போன் ஹொட்ஸ்பொட்டில் போட்டேன், போய்விட்டது! அப்போதுதான் உறைத்தது, பிழை கம்பியூட்டரில் இல்லை, லைனில்.

விஷயம் இதுதான். போர்ட் என்பது கம்பியூட்டருக்குள் தகவல் போய்வரும் இலக்கமிட்ட வாசல். வைரஸ் புகுந்த வீட்டுக் கம்பியூட்டர்கள் 25ஆம் போர்ட் வழியாகக் குப்பை மெயில்களைக் கொட்டுவதால், உலகம் முழுக்கப் பல இன்டர்நெட் கம்பனிகள் அந்த வாசலை அடைத்து வைத்திருக்கின்றன. நல்ல காரியம்தான். மெயிலை எடுப்பது 993 அல்லது 995 வழியாக என்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. பிரவுசரில் ஜிமெயில் பார்ப்பவர்களுக்கும் இந்தத் தொல்லை இல்லை.

என்னைப் போல மாட்டிக்கொண்டவர்கள் செட்டிங்ஸில் வெளிச்செல்லும் சர்வரைத் திறந்து, 25 இருக்கும் இடத்தில் 587 என்று போடுங்கள், பாதுகாப்புக்கு ஸ்டார்ட்-டிஎல்எஸ், பயனர் பெயருக்கு முழு மெயில் முகவரி. பாஸ்வேர்ட் கேட்கும்படி வைக்க மறக்கவேண்டாம், அதில்லாமல் 587 உள்ளே விடாது. அதுவும் சரிவரவில்லையா, 465 போட்டு எஸ்எஸ்எல் தெரிவு செய்து பாருங்கள். எனக்கு 587லேயே போனது, இரண்டு நிமிட வேலை.

1998இலேயே இப்படி மெயில் அனுப்புவதற்கென்று ஒதுக்கிய போர்ட் இந்த 587. இதைச் சொல்ல அந்த ஹொட்லைனில் ஒருவருக்கும் தெரியவில்லையே என்பதுதான் ஆத்திரம். அடைப்பதை அடையுங்கள், ஆனால் இணைப்புக் கொடுக்கும்போது தருகிற தாளில் '25 வேலை செய்யாது, 587 போடுங்கள்' என்று தமிழில் ஒரு வரி அச்சடித்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
கொமினிகேஷன் கடைக்காரர் ஒருவர்,
ஹட்டன்.