சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் எழுதுகிறேன்

பாலியல் நலம், இனப்பெருக்க நலம் பற்றிப் பல நாடுகளிலிருந்தும் எங்கள் பகுதிக்கு ஆய்வு செய்ய வரும் சமூக ஆய்வாளர்களுக்கு,

வணக்கம்.

சென்னையில் மீனவர்கள் வாழும் காசிமேட்டில் உங்களை வீடு வீடாகக் கூட்டிப்போவது நான்தான். எட்டு வருடமாகச் செய்கிறேன். எந்தச் சந்தில் யார் வீடு, யாருக்கு எத்தனை பிள்ளை, எந்த வீட்டில் இப்போது பேச முடியாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்பதால் கூப்பிடுகிறீர்கள். நாள் கூலியைச் சரியாகக் கொடுக்கிறீர்கள், மரியாதையாகப் பேசுகிறீர்கள். அதில் எனக்குக் குறையே இல்லை.

போன வாரம் புதிய குழு ஒன்றிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. மே மாதம் வருகிறார்களாம். 18 முதல் 49 வயதுக்குள் 40 பெண்கள் வேண்டுமாம். எங்கள் தெரு அக்கா ஒருவரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தேன். அந்தச் செய்திக்கு என்னால் பதில் போட முடியவில்லை. அதற்குப் பதிலாகத்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

அக்காவின் பேர் வேண்டாம். மீன் விற்பவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்த ஒரு குழு அவரிடம் ஒன்றரை மணி நேரம் பேசியது. பிரசவம், கு.க. (குடும்பக் கட்டுப்பாடு) ஆபரேஷன், மாதவிடாய், கணவரோடு இருக்கிற உறவு எல்லாம் கேட்டார்கள். முதலில் தயங்கினார், அப்புறம் அழுதுகொண்டே கொட்டிவிட்டார். மாதத்தில் பதினைந்து நாள் ரத்தம் போகிறது, கூடையைத் தலைக்குத் தூக்கினால் கண் இருட்டுகிறது, வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை என்றார். கேட்டவர் நல்ல பெண். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் டேப்லெட்டில் ஏற்றினார். கடைசியில் போன் நம்பர் வாங்கிக்கொண்டு, தேவைப்பட்டால் கூப்பிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா அதை ஆஸ்பத்திரியில் சொன்ன மாதிரி எடுத்துக்கொண்டார். படித்தவர்கள் வந்து இவ்வளவு நேரம் கேட்டு எழுதிப்போயிருக்கிறார்கள், பெரிய டாக்டரிடம் காட்டிவிட்டுக் கூப்பிடுவார்கள் என்று இருந்துவிட்டார். அவர் கொடுத்த நம்பர் ஒரு பழைய பட்டன் போனில் இருந்தது. மகன் வேறு போன் வாங்கிக் கொடுத்த பிறகும் அதை விடவில்லை. ஈரம் படாமல் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, வியாபாரத்துக்கு உட்காரும்போது மடியிலேயே வைத்திருப்பார். காசு இல்லாத மாதத்திலும் ரீசார்ஜ் செய்துவிடுவார். எதுக்குக்கா ரெண்டு போன் என்று ஒரு நாள் கேட்டேன். "அந்த மேடம் இந்த நம்பர்தானே எழுதிக்கினு போனாங்க" என்றார்.

அன்றைக்கே நான் அவரைக் கையோடு கூட்டிப்போயிருக்க வேண்டும். கூப்பிட்டேன், அடுத்த வாரம் வரேன் என்றார், நானும் விட்டுவிட்டேன். போன மாதம் மார்க்கெட்டிலேயே மயங்கி விழுந்தார். ஹீமோகுளோபின் ஆறு என்றார்கள். ரத்தம் ஏற்றினார்கள். கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி உண்டு. 'இவ்வாய்வினால் தங்களுக்கு நேரடிப் பயன் ஏதும் இல்லை.' அதை வாசித்துக் காட்டினார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். மூன்று பக்கத்தையும் ஐந்து நிமிடத்தில் வாசித்து முடித்தார்கள். அக்கா தலையாட்டிவிட்டுக் கைநாட்டு வைத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால் பக்கத்தில் ஒரு சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சாட்சி நான். "நாங்க டாக்டர் இல்லக்கா, நீங்க சொன்னது ஆஸ்பத்திரிக்குப் போகாது, நாளைக்கே போய்க் காட்டுங்க" என்று யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் போதும். நானும் சொல்லவில்லை. என் கையெழுத்து அந்தத் தாளில் இருக்கிறது, அது என்னைத் தூங்கவிடவில்லை.

அதனால் உங்களிடம் ஒன்றைத்தான் கேட்கிறேன். கேட்டுக்கொண்டு போனவர்கள் திரும்பி வாருங்கள். யார் யாரிடம் கேட்டீர்களோ அவர்களிடமே வந்து, என்ன தெரிந்தது என்று சொல்லுங்கள். ஆறு மாதத்தில் ஒரு தடவை வந்திருந்தால்கூட அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிந்திருக்கும், அந்த அளவுக்கு வெளுத்துப்போயிருந்தார்.

அந்தக் குழுவுக்கு நான் எழுதிக் கேட்டேன். திட்டக்காலம் முடிந்துவிட்டது, கட்டுரை வெளியாகிவிட்டது என்று பதில் வந்தது. கட்டுரை ஆங்கிலத்தில் இருக்கிறது, பணம் கட்டினால்தான் திறக்கிறது. அக்கா சொன்னது அதில் எந்தப் பக்கத்தில், எப்படி இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது 1986-ல் முதலில் தெரியவந்தது இந்தச் சென்னையில்தான். பாலியல் தொழில் செய்த பெண்கள் கொடுத்த ரத்தத்தில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். சுனிதி அம்மா கண்டுபிடித்ததோடு போய்விடவில்லை. 1993-ல் எச்.ஐ.வி. நோயாளிகளுக்காக ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கி, யாரும் தொடப் பயந்த நோயாளிகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தார். 2015-ல் இறந்தார். ஆய்வு செய்கிறவர் அப்படி இருக்க முடியும் என்று இந்த ஊர் பார்த்திருக்கிறது.

நீங்கள் நடத்தும் பயிற்சி வகுப்பில்தான் நான் கெய்ரோவில் நடந்த ஐ.நா. மக்கள்தொகை மாநாட்டைப் பற்றித் தெரிந்துகொண்டேன். 1994-ல் 179 நாடுகள் ஒப்புக்கொண்டது, பெண்ணை மக்கள்தொகைக் கணக்கில் ஒரு எண்ணாகப் பார்க்கக் கூடாது, அவள் உடம்பு அவள் உரிமை என்று சொன்னீர்கள். கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளும் ஆய்வின் முடிவைச் சம்பந்தப்பட்ட மக்களுக்குத் தெரிவிக்கச் சொல்கின்றன. நான் புதிதாக எதையும் கேட்கவில்லை.

மே மாதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகும் ஆண்கள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். கையில் காசு இருக்காது, சண்டை இருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி வீடு. அந்த நேரம் பார்த்து வந்து, கணவர் அடிப்பாரா, விருப்பம் இல்லாதபோது வற்புறுத்துவாரா என்று கேட்கிறீர்கள். உங்கள் பல்கலைக்கழகத்துக்கு அப்போதுதான் லீவு, தெரியும். ஆனால் 'தனிமையில் பேட்டி எடுக்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் போடும்போது, கணவர் வாசற்படியில் பீடி பிடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். நீங்கள் போன பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதைக் கேட்க யாரும் வரவில்லை.

அந்த ஆண்களிடம் ஏன் நீங்கள் எதுவும் கேட்பதில்லை? தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்கள் 100 பேரில் கிட்டத்தட்ட 58 பேர் கு.க. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் என்று 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. கணவர் செய்துகொண்ட வீடு நூற்றில் ஒன்றுகூட இல்லை. கத்தி வைப்பதும் எங்கள் உடம்பில், கேள்வி கேட்பதும் எங்களிடம்தான்.

சரி, கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்தது ஒன்றுதான். புதிதாகக் கேட்க வருவதற்கு முன்னால், பழைய பதிலோடு திரும்பி வாருங்கள். புதிய குழுவுக்கும் இதுதான் என் பதில். 40 பேரையும் நான் கூட்டி வருகிறேன். முடிவைச் சொல்ல எந்த மாதம் வருவீர்கள் என்று முதலில் எழுதிக் கொடுங்கள், பயணச் செலவோடு அந்தச் செலவையும் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். படிவத்தை நாங்கள் பேசுகிற தமிழில் எழுத நானே உட்கார்ந்து உதவுகிறேன், அதற்குக் கூலி வேண்டாம்.

ஜூன் 14-க்கு அப்புறம் வாருங்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் என்றால் வியாபாரம் முடிந்து எல்லோரும் வந்திருப்பார்கள். பால்வாடியில் பேசிக்கொள்ளலாம், சாவி வாங்கி வைக்கிறேன். அக்காவின் நம்பர் உங்களிடம் இருக்கிறது. நேற்று ஆஸ்பத்திரியிலும் அந்தப் பழைய போன் தலையணைக்குப் பக்கத்தில்தான் இருந்தது, சார்ஜ் போட்டு வைக்கச் சொன்னார், போட்டு வைத்துவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
காசிமேட்டில் உங்களோடு வீடு வீடாக நடந்தவள்