மூன்றாவது வரிசை, ஓரத்து இருக்கை

எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று இரவுதான் வந்து சேர்ந்தேன். பையை இன்னும் பிரிக்கவில்லை. தொடை வலியும் போகவில்லை. ஆனாலும் இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும். இரண்டு நாள் தள்ளிப்போட்டால் யோசித்து, நறுக்கி, அழகு பண்ணிவிடுவேன். கடந்த ஐந்து வாரத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் பக்கத்திலேயே இருந்தீர்கள். மீதிப் பேர் பக்கத்தில் இருந்தவர்களைவிட அதிகமாகத் தெரிந்து வைத்திருந்தீர்கள். அதனால் அந்தக் கதையை முழுக்கத் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஓடினேன். நானூறு மீட்டரை முதல்முறையாக 62 விநாடிக்குள் ஓடினேன். நான்கு பேரில் மூன்றாவது. செய்தி இவ்வளவுதான்.

முதலில் கூட்டாக ஒரு நன்றி. தொடைத்தசை கிழிந்து படுத்த படுக்கையிலும் தினமும் சாயங்காலம் போன் செய்து "இன்னைக்கு எத்தனை ரவுண்டு?" என்று கேட்ட, பார்வையில்லாத என்னோடு கயிறு பிடித்து ஓடுகிற என் கைடு அண்ணனுக்கு. யார் என்ன சொன்னாலும் அட்டவணையில் ஒரு வரியைக்கூட மாற்றாத கோச்சுக்கு. என்னைக் கேட்காமலேயே பயணச் செலவைப் பிரித்துக்கொண்ட தோழிகளுக்கு. கேள்வியே கேட்காத அம்மாவுக்கு. அவள் கேட்காமல் இருந்தது எவ்வளவு பெரிய உழைப்பு என்று எனக்குத் தெரியும். அப்புறம், ஒரே வீடியோவை எனக்கு அனுப்பிய பதினோரு பேருக்கு.

எந்த வீடியோ என்று தெரியும்தானே? 2021-இல் டோக்கியோ பாராலிம்பிக்கில் கேப் வெர்டி நாட்டின் பார்வையற்ற ஓட்டக்காரர் கியூலா செமெடோ 200 மீட்டர் ஓடி முடித்ததும், அவருடைய கைடு மானுவல் டா வெய்கா ஓடுதளத்திலேயே மண்டியிட்டுக் கல்யாணத்துக்குக் கேட்டாரே, அதுதான். "பார், காதலும் ஓட்டமும் ஒரே கயிற்றில்" என்று எழுதி அனுப்பினீர்கள். அந்த ஓட்டத்தில் அவர் அடுத்த சுற்றுக்குத் தகுதி பெறவில்லை என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை. அவர் சந்தோஷத்தை நான் குறை சொல்லவில்லை. எனக்கு இரண்டும் வேண்டும், அவ்வளவுதான். பாரிஸில் 2024 ஆகஸ்டில் தாரா டேவிஸ்-வுட்ஹால் நீளம் தாண்டுதலில் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். அடுத்த மாதம் அதே மைதானத்தில் அவர் கணவர் ஹன்டர் நானூறு மீட்டரில் பாராலிம்பிக் தங்கம் வாங்கினார். ஜெயித்தால் காதல்தான் பலம் என்கிறோம். நேரம் அரை விநாடி கூடினால் காதல்தான் காரணம் என்கிறோம். நீங்கள் அந்த வீடியோவை அனுப்பியது எனக்கு அரை விநாடி கூடியிருந்த மாதத்தில்.

அந்த வீடியோவை என் காதலரும் பார்த்தார். "சரி, நானே கைடாக ஓடுகிறேன்" என்றார். நான்கு மாதக் காதல். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். கைடு என்பவர் என்னைவிட வேகமாக ஓடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஓடிக்கொண்டே பேசவும் தெரிந்திருக்க வேண்டும். என்னை இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது. எல்லைக்கோட்டை எனக்குப் பின்னால்தான் தாண்ட வேண்டும். கயிறு நீளாத கயிறு. ஒரு முனை என் கையில், மறுமுனை அவர் கையில். என் வலது கை முன்னால் போகும்போது கைடின் இடது கையும் கூடவே போகும், கால்களும் அப்படியே. கண்ணாடி முன்னால் ஓடுவது போல என்பார்கள். கண்ணாடியை நான் பார்த்தே இருபது வருடம் ஆகிறது, ஆனால் உவமை சரிதான்.

அவருக்கு 200 மீட்டரிலேயே மூச்சு வாங்கியது. அதற்கு இரண்டு பேருமே சிரித்தோம். சிரிக்க முடியாதது வேறு ஒன்று. வளைவு வரும்போதெல்லாம் கயிறு இறுகியது. நான் விழுந்துவிடுவேனோ என்ற பயம் அவர் மணிக்கட்டில் தொடங்கி என் விரலுக்கு வந்து சேரும். என் கால் தானாகவே சுருங்கிவிடும். மூன்றாவது நாள் அது சண்டையானது. "உனக்காகத்தானே" என்றார் அவர். "எனக்காக என்றால் பயப்படாதே" என்றேன் நான். காதலிக்கிற ஒருவரிடம் கேட்கவே கூடாதது இது என்று இப்போது தோன்றுகிறது.

இன்னொன்றும் இருந்தது, அதை அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு அவர் என்றால் குரல்தான். முகம் எப்படி இருக்கும் என்று விரலால் தெரியும். ஆனால் தூங்கும்போது நினைவுக்கு வருவது குரல். ஓட்டமும் எனக்குக் குரல்தான்: "வளைவு", "நேர்", "இன்னும் இருபது", "சாய்." இரண்டுக்கும் இருப்பது ஒரே காது. ஓடுதளத்தில் அவர் குரல் கேட்டாலே என் தலை அந்தப் பக்கம் திரும்பும். தலை திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் லேன் போய்விடும். "நீ மைதானத்துக்கே வராதே, வந்தாலும் வாயைத் திறக்காதே" என்று ஒரு இரவு சொல்லிவிட்டேன். சொன்ன விதம் சரியில்லை. போனை வைத்தவர் நான்கு நாள் எடுக்கவில்லை.

அந்த நான்கு நாளில்தான் தம்பி வந்தான். பெயர் போடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறான்; அதனால் இங்கே வெறும் தம்பிதான். அவன் 400 மீட்டர் தடை ஓட்டக்காரன். சீசன் முடிந்து வீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்தவனைக் கோச் கூப்பிட்டார். போட்டிக்குப் பதினாறு நாள் இருந்தது. முதல் நாள் ஓடவே இல்லை. ஒரு மணி நேரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். "அக்கா, நீங்க பேசாதீங்க. உங்க கை எப்படிப் போகுதுன்னு கேக்கணும்" என்றான். கை போவதைக் கேட்கிற ஒருவனை அன்றைக்குத்தான் சந்தித்தேன்.

நிறைய படித்துவிட்டு வந்து என்னையும் பயமுறுத்துவான். பாரிஸ் பாராலிம்பிக் மாரத்தானில் ஸ்பெயினின் எலெனா கோங்கோஸ்டுக்கு நடந்ததைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனான். எல்லைக்கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால் அவருடைய கைடு தசைப்பிடிப்பில் தடுமாற, தாங்கிப் பிடிப்பதற்காக ஒரு கணம் கயிற்றை விட்டார் எலெனா. அடுத்து வந்தவர் மூன்று நிமிடத்துக்கும் மேல் பின்னால் இருந்தார். ஆனாலும் தகுதிநீக்கம், வெண்கலம் போனது. "அக்கா, எனக்குப் பிடிச்சுக்கிச்சுன்னா நீங்க தாங்க வராதீங்க. நான் கயித்தோடயே விழுந்துக்கறேன்" என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். இல்லை, அன்று மாலை கயிற்றைப் பிடித்தபடி எப்படி விழுவது என்று புல்தரையில் விழுந்து விழுந்து பழகினானாம். கோச்தான் சொன்னார்.

பதினாறு நாளில் ஒருமுறைகூட அவன் என் சொந்த விஷயத்தைப் பற்றிப் பேசவில்லை. மற்ற எல்லோரும் பேசினார்கள். "மனசுல வேற எதுவும் வெச்சுக்காதே", "முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஒரு நாளைக்கு நாலு பேராவது சொல்வார்கள். அவன் சொன்னதெல்லாம் வளைவு, நேர், இருபது, சாய்.

இறுதிப்போட்டி நாள். கிட்டத்தட்டப் பார்வையே இல்லாதவர்களுக்கான டி11 பிரிவில் ஆளுக்கு இரண்டு லேன், ஒன்று எனக்கு, ஒன்று கைடுக்கு. எட்டு லேனில் நான்கு ஜோடிதான் நிற்க முடியும். எனக்கு இரண்டு கண்ணிலும் வெளிச்சம்கூடத் தெரியாது, ஆனாலும் கண்ணைக் கட்டித்தான் ஆக வேண்டும். நடுவர் வந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். என் காதலர் வந்திருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. நான்கு நாள் மௌனத்துக்குப் பிறகு பேசியிருந்தோம். ஆனால் வருவதைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போட்டி அன்றைக்குக் காலையிலிருந்து எல்லாச் சத்தத்துக்குள்ளும் அவர் இருமல் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால், கவனம் இல்லை என்பார்கள்.

ஓட்டம் தொடங்கக் கால் ஊன்றும் பிளாக்கைச் சரிசெய்துவிட்டுத் தம்பி எழுந்தான். கயிற்றை என் விரலில் மாட்டினான். அப்புறம் காதருகே குனிந்து, மிகச் சாதாரணமாக, மழை வருமா என்று கேட்கிற குரலில் சொன்னான்:

"அக்கா, மூணாவது வரிசை, ஓரத்து சீட்டு. நீலச் சட்டை. கைக்குட்டைய வாயில திணிச்சு வெச்சுட்டு உக்காந்திருக்கார். கத்திடக் கூடாதுன்னு நினைக்கறேன். சரி, இனிமே வளைவு மட்டும்தான்."

பத்து விநாடிகூட ஆகியிருக்காது.

நீலம் எனக்குத் தெரியும். ஒன்பது வயதுவரை பார்த்திருக்கிறேன்.

பார்வை உள்ள எந்த ஓட்டக்காரரும் பிளாக்கில் உட்காரும் முன் ஒருமுறை நிமிர்ந்து கூட்டத்தைப் பார்ப்பார். அம்மா எங்கே, மனைவி எங்கே என்று ஒரு பார்வை. அதற்கு அரை விநாடி போதும். அதை யாரும் கவனக்குறைவு என்று சொன்னதில்லை. எனக்கு அந்த அரை விநாடி வேண்டுமென்றால் இன்னொருவர் தன் வாயைச் செலவழிக்க வேண்டும். இத்தனை வருடத்தில் யாரும் செலவழித்ததில்லை, நானும் கேட்டதில்லை. நல்ல எண்ணத்தில்தான் எல்லோரும் அந்தப் பக்கக் கதவைச் சாத்தி வைத்தார்கள். சாத்திய கதவை முதுகால் முட்டுக்கொடுத்துக்கொண்டே ஓடிக்கொண்டிருந்தேன் போல. தம்பி அதைத் திறந்து காட்டிவிட்டு அவனே மூடினான். எனக்கு மூச்சு வயிறுவரை இறங்கியது.

ஓட்டத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. முதல் வளைவில் கயிறு தளர்வாகவே இருந்தது. பின்நேரில் காற்று எதிர்த்தது. கடைசி நூறில் தம்பியின் குரலைத் தவிர உலகத்தில் எதுவும் இல்லை. "சாய்" என்றான், சாய்ந்தேன். அவன் எனக்குப் பின்னால் வந்து விழுந்தான், கயிற்றோடு.

அப்புறம் யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள். பேச்சே இல்லை. சோப்பு வாசனையில்தான் தெரிந்தது. கைக்குட்டை இன்னும் வாயில்தான் இருக்கிறது என்று தம்பி சொன்னான். "இப்போது பேசலாம்" என்றேன் நான். உடனே பேச்சு வரவில்லை அவருக்கு.

இப்போது சில ஏற்பாடுகள் செய்திருக்கிறோம். வாரத்தில் ஆறு நாள் அவர் மைதானப் பக்கம் வரமாட்டார். ஏழாவது நாள் வருவார், நேரம் சொல்கிற கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு கோட்டில் நிற்பார்; பேசுவது கடிகாரம் மட்டும்தான். இது எத்தனை மாதம் தாங்கும் என்று தெரியாது. அடுத்த வருடம் 60-க்குள் வர வேண்டும். "சீசன் முடியட்டும்" என்று அவரிடம் இனி சொல்வதில்லை என்று எனக்குள் ஒரு சபதம் எடுத்திருக்கிறேன். அதற்குப் பதிலாக என்ன சொல்வது என்று இன்னும் முடிவு பண்ணவில்லை.

அண்ணனுக்கு இன்னும் இரண்டு மாதத்தில் கால் சரியாகிவிடும் என்கிறார்கள். அவர் வந்ததும் பழைய கயிறு வெளியே வரும். தம்பி, உன் கயிறு என் பையிலேயே வந்துவிட்டது. காலையில் துவைத்துக் காயப்போட்டேன். ஒரு முனையில் முடிச்சு கொஞ்சம் பிரிந்திருக்கிறது, நீ விழுந்த முனைதான். தைத்து வைக்கிறேன். உன் சீசன் தொடங்குவதற்குள் வந்து வாங்கிக்கொண்டு போ.