ரிச்சர்ட் டேல் ஆசாரியின் ஜன்னல்

கோவென்ட்ரி
செப்டம்பர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

மகன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் மூவரும் நலம். உங்கள் நலமும் அம்மா நலமும் அறிய ஆவல்.

போனில் பேசினால் நீங்கள் "ஆ? என்ன?" என்கிறீர்கள், நான் கத்துகிறேன், பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுகிறார். அம்மாவிடம் சொல்லி விட்டால் பாதியை விழுங்கிவிட்டு மீதியைத்தான் உங்களிடம் சொல்லும். மர விஷயம் என்றால் முழுசாகவே விழுங்கிவிடும். அதனால்தான் பேனாவை எடுத்தேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முதியோர் இல்லத்தில் ராத்திரி வேலை முடித்து வந்து எழுதுகிறேன்.

உங்கள் மருமகள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் நர்சுகள் சேர்ந்து பஸ் பிடித்து, டியூடர் காலத்து வீடுகளையும் கோட்டைகளையும் பார்க்க இரண்டு நாள் சுற்றுலா போனார்கள். கடைசி நேரத்தில் இரண்டு பேர் வரவில்லை. அந்த இடம் எங்களுக்குக் கிடைத்தது. எவ்வளவு கொடுத்தேன் என்று கேட்காதீர்கள். ரூபாயில் கணக்குப் போட்டால் திட்டுவீர்கள்.

டியூடர் என்பது ஒரு ராஜ வம்சம். 1485 முதல் 1603 வரை இங்கே ஆண்டவர்கள். கூட வந்த கைடு அம்மா ஓய்வுபெற்ற டீச்சர். பஸ் கிளம்பியதும் மைக்கைப் பிடித்து எட்டாம் ஹென்றியின் ஆறு கல்யாணக் கதையை ஆரம்பித்துவிட்டார். முதல் மனைவியைத் தள்ளி வைத்தான், இரண்டாமவளின் தலையை எடுத்தான், அது வரைக்கும் கேட்டேன். மூன்றாமவள் வருவதற்குள் தூங்கிப்போனேன். எழுந்தபோது கெனில்வொர்த் வந்திருந்தது.

கெனில்வொர்த் செங்கல் நிறத்து மணற்கல்லால் கட்டிய பெரிய கோட்டை. ஹென்றியின் மகள் எலிசபெத் ராணி 1575 ஜூலையில் இங்கே வந்து 19 நாள் தங்கியிருக்கிறாள். கோட்டைக்காரர் ராபர்ட் டட்லி, லெஸ்டர் பிரபு. அவள் வந்தால் தங்குவதற்கென்றே தனியாக ஒரு மாளிகை எழுப்பி வைத்திருந்தவர். அவள் இருந்த நாளெல்லாம் கோட்டைக் கடிகாரத்தையே நிறுத்தி வைத்தார்களாம். அவ்வளவு செய்தும் ராணி அவரைக் கட்டிக்கொள்ளவில்லை. பிறகு ராஜாவுக்கும் பார்லிமெண்டுக்கும் உள்நாட்டுச் சண்டை வந்து, 1649-இல் பார்லிமெண்ட்காரர்கள் கோட்டையை இடித்துப் போட்டார்கள். இப்போது அந்த மாளிகைக்குக் கூரையும் இல்லை, தளமும் இல்லை. ஏறிப் பார்க்கப் புதிதாகப் படியும் மேடையும் போட்டிருக்கிறார்கள். மேலே நின்று பார்த்தால் சுவரில் வரிசையாகச் சதுரப் பொந்துகள். மற்றவர்கள் ராணி எட்டிப் பார்த்த ஜன்னலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பொந்துகளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். விட்டம் உட்கார்ந்த இடம் அது என்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை, ஆசாரி வீட்டில் பிறந்தவனுக்கு.

அன்று மதியம் வார்விக்கில் லார்ட் லெஸ்டர் என்ற பழைய மரக் கட்டடம். அதே டட்லி 1571-இல் வயதான சிப்பாய்களுக்கு அடைக்கலமாக அமைத்தது. கட்டடம் அதற்கும் முந்தையது. படையில் இருந்த பெரியவர்கள் இன்றைக்கும் அங்கே குடியிருக்கிறார்கள். இல்லத்தில் வேலை பார்க்கிறவனாக எனக்கு அது பிடித்திருந்தது. ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் பிறந்த வீட்டையும் காட்டினார்கள். அவர் அப்பா கையுறை தைக்கிற தொழிலாளி, அந்தப் பட்டறை அறையும் உண்டு. ஆனால் ஒரே கூட்டம், நின்று பார்க்க முடியவில்லை.

இனிமேல்தான் உங்களுக்கான விஷயம்.

இரண்டாம் நாள் வடக்கே செஷயர் பக்கம், லிட்டில் மோர்டன் ஹால் என்ற வீடு. சுற்றிலும் அகழி, நடுவில் வீடு. முழுக்க ஓக் மரம். 1504-க்குப் பிறகு ஆரம்பித்து, நூறு வருஷமாகத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். பார்த்த மாத்திரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கோடு நேராக இல்லை. ஒரு மூலை தொய்ந்து, ஒரு மூலை நிமிர்ந்து, பாட்டி இடுப்பில் கை வைத்து நிற்கிற மாதிரி நிற்கிறது. "மட்டப்பலகை வைக்காமல் கட்டியவன் யாருடா" என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

காரணம் இரண்டு. ஒன்று, கட்டி முடிக்கும் நேரத்தில் எஜமானுக்கு ஆசை வந்து உச்சி மாடியில் நீளமாக ஒரு கூடம் வைத்திருக்கிறார், மழைக்காலத்தில் உள்ளேயே நடைபோட. அதன் தலையில் ஓடு இல்லை, பாறைப் பலகைகள். அத்தனை கனமும் கீழே இருக்கிற மரத்தின் மேல். அந்தக் கூடத்தில் நடந்தால் கப்பலில் நடப்பதுபோல இருக்கிறது. சுவர்ப் பலகைக்குப் பின்னால் பழங்காலத்து டென்னிஸ் பந்துகள் அகப்பட்டனவாம். அந்தத் தளத்தில் பந்து எந்தப் பக்கம் உருளும் என்பதே ஒரு பந்தயமாக இருந்திருக்கும்.

இரண்டாவது காரணம் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். இவர்கள் பச்சை மரத்தில் வேலை செய்திருக்கிறார்கள்! வெட்டிய ஈரம் காயாத ஓக். "பச்சை மரத்தில் உளி வைக்கிறவன் வீட்டுக்காரன் தலையில் கை வைக்கிறான்" என்று நீங்கள் திட்டுவது காதில் கேட்டது. கைடு அம்மாவிடமே கேட்டுவிட்டேன். ஓக் காய்ந்துவிட்டால் இரும்பு, கை உளிக்கு மசியாது. அவ்வளவு பருமனான விட்டம் காய வேண்டுமென்றால் ஒரு ஆள் கிழவனாகிவிடுவான். அதனால் பச்சையிலேயே அறுத்து, செதுக்கி, வீட்டை நிறுத்திவிடுவார்கள். வீடு நின்றபடியே காயும். காயும்போது முறுக்கும், வெடிக்கும், வளையும். ஆனால் மூட்டு மட்டும் இறுகிக்கொண்டே போகும்.

இரும்பு ஆணியை நம்பவில்லை. ஓக்கின் துவர்ப்பு இரும்பைத் தின்றுவிடும். எல்லாம் கழுந்தும் துளையும்தான், ஒரு மரத்தின் முனையைச் செதுக்கி இன்னொன்றின் துளையில் செருகி, குறுக்கே மர ஆணி. அதில் ஒரு சூட்சுமம் சொன்னார். கழுந்தில் ஆணிக்குப் போடும் ஓட்டையை நேருக்கு நேர் போடாமல், கழுந்து தொடங்கும் தோள் பக்கமாக ஒரு நூல் அளவு தள்ளிப் போடுவார்களாம். ஆணியை அடிக்க அடிக்க அது கழுந்தை உள்ளே இழுத்துக் கடித்துக்கொள்ளும். நீங்களும் மேலவீதி வீட்டு வாசல் நிலைக்கு இப்படித்தானே செய்தீர்கள்? நான் விளக்குப் பிடித்துக்கொண்டு தூங்கி வழிந்தேனே, அந்த ராத்திரி. நூல் கணக்கு அப்போது புரியவில்லை. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்து, வேற்று ஊர் டீச்சர் சொல்லிப் புரிகிறது.

சட்டங்களை முதலில் தரையில் படுக்கப் போட்டு, எல்லா மூட்டையும் பொருத்திப் பார்த்து, பிறகு கழற்றி வண்டியில் ஏற்றி, மனைக்குக் கொண்டுபோய் நிறுத்துவது இவர்கள் வழக்கம். எது எதனோடு சேரும் என்பதற்கு ரோமன் எண் குறி. எல்லாம் நேர்கோடு என்பதால் உளியால் சுலபமாகப் போடலாம். நீங்கள் போடும் காக்காய்க் கால் குறி மாதிரியேதான்.

சட்டத்துக்கு நடுவில் சுவர் எப்படித் தெரியுமா? குச்சிகளைக் கூடை மாதிரி முடைந்து, அதன் மேல் களிமண், வைக்கோல், மாட்டுச் சாணம் பிசைந்து அப்பி, சுண்ணாம்பு. அப்பத்தா வீட்டு மாட்டுக்கொட்டகைச் சுவர்! நர்சுகள் மூக்கைப் பிடித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இன்னொன்று. கறுப்புச் சட்டம், வெள்ளைச் சுவர் என்று காலண்டரில் வருகிறதே, அந்தக் கறுப்பு பெரும்பாலும் முந்நூறு வருஷம் கழித்து விக்டோரியா ராணி காலத்தில் பிடித்த மோகம். பழைய ஆட்கள் ஓக்கை அப்படியே விட்டுவிடுவார்கள், அது வெயிலிலும் மழையிலும் வெள்ளிச் சாம்பலாக நரைத்துவிடும். எனக்கு அந்த நரைதான் அழகாகப் படுகிறது.

முற்றத்தில் இரண்டு பெரிய ஜன்னல் மாடங்கள் அருகருகே, ஒன்றையொன்று இடிக்கிற மாதிரி பிதுங்கி நிற்கின்றன. கண்ணாடி விலை அதிகம் என்பதால் துண்டு துண்டாக ஈயப் பட்டையில் கோத்திருக்கிறார்கள். அதன் மேல் மரத்தில் எழுத்து செதுக்கியிருக்கிறது. முதலில் சாமி பெயர். அடுத்து, 1559-ஆம் வருஷம் வில்லியம் மோர்டன் இந்த ஜன்னல்களைச் செய்வித்தார் என்று எஜமான் பெயர். சரி, இது எங்கும் உள்ளதுதான். அதற்கும் கீழே இன்னொரு வரி: கடவுள் அருளால் இந்த ஜன்னல்களைச் செய்தவன் தச்சன் ரிச்சர்ட் டேல்.

கார்பெண்டர் என்பதைக் "கார்பெடர்" என்று செதுக்கி வைத்திருக்கிறான். அந்தக் காலத்தில் எழுத்துக்கு ஒரே முறை கிடையாது என்றார் கைடு அம்மா. எனக்கென்னவோ பள்ளிக்கூடம் போகாத ஆள், காதில் விழுந்தபடி வெட்டிவிட்டான் என்றுதான் தோன்றியது. கூட்டம் அடுத்த அறைக்குப் போய்விட்டது. உங்கள் மருமகள் வந்து கையைப் பிடித்து இழுக்கும் வரை அங்கேயே நின்றேன். எஜமான் எப்படிச் சம்மதித்தான், கூலியில் பிடித்தானா, அல்லது இவனே கேட்காமல் வெட்டிவிட்டானா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா, நீங்கள் நிலைக்கு மேலே எத்தனை பெயர் செதுக்கியிருக்கிறீர்கள்? எல்லாம் வீட்டுக்காரர் பெயர், அவர் அப்பா பெயர், வருஷம். பத்து வயசில் நான் எழுத்து வரைந்து தருவேன், நீங்கள் வெட்டுவீர்கள். "நம்ம பேரு எங்கப்பா?" என்று ஒரு தடவை கேட்டேன். "கூலி வாங்கியாச்சுல்ல" என்றீர்கள். நானும் கூலி வாங்கும் வேலை என்றால் உளி எதற்கு என்று ஓடி வந்துவிட்டேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை.

தங்கச்சி வீட்டு நிலை வேலை கார்த்திகைக்குள் முடியும் என்று அம்மா சொன்னது. மச்சான் பெயரைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கீழ்ச்சட்டத்தில், வெளியே தெரியாத பக்கமாக இருந்தாலும் சரி, உங்கள் பெயரையும் வெட்டிவிடுங்கள். மச்சானிடம் நான் பேசிக்கொள்கிறேன். போட்டோவைப் பெரிதாக அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். எழுத்தின் வெட்டு எவ்வளவு ஆழம், உளியா வாய்ச்சியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

காது மெஷினுக்கு பேட்டரி இரண்டு அட்டை அனுப்பியிருக்கிறேன். மெஷினைப் பெட்டியிலேயே வைத்திருந்தால் கேட்காது, காதில் மாட்ட வேண்டும். மாதப் பணம் 5-ஆம் தேதிக்குள் வந்துவிடும். அம்மாவை மாத்திரையை மறக்காமல் போடச் சொல்லுங்கள்.

பதில் எழுதும்போது ஒன்று மட்டும் விட்டுவிடாமல் எழுதுங்கள்: தேக்கைப் பச்சையில் இப்படி நிறுத்தினால் என்ன ஆகும்?

இப்படிக்கு,
உங்கள் மகன்