வெள்ளச்சியின் கியர் ஆயில்

பாளையங்கோட்டை,
12.06.2025

அன்புள்ள ஆறுமுகம்,

இங்கு அனைவரும் நலம். அங்கும் அவ்வாறே என்று நம்புகிறேன். பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதாமல் இருந்துவிட்டு, இப்போது ஒரு பழைய ரசீதுக்காக எழுதுகிறேன் என்று நீ ஏசுவாய். ஏசிக்கொள், ஆனால் கடிதத்தை முழுவதும் படித்துவிட்டு ஏசு.

விஷயம் நம் ஆட்டோமேட்டிக் கார் வெள்ளச்சியைப் பற்றியது. 2016-இல் நீ அவளை என்னிடம் ஒப்படைத்தபோது மீட்டரில் 62,000 கிலோமீட்டர் இருந்தது, இன்று 1,87,000. சென்ற ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, ஆலங்குளம் தாண்டி ஒரு லாரியை முந்துவதற்காக மிதித்தேன். என்ஜின் மட்டும் இரைந்தது. வண்டி ஒரு கணம் நகராமல் தயங்கி, பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்தாற்போல் கியர் விழுந்தது. உன் மதினியின் மடியிலிருந்த மங்குஸ்தான் பழங்கள் நாலாபக்கமும் உருண்டன. அவள் ஒன்றும் சொல்லவில்லை என்பதிலிருந்தே நிலைமையைப் புரிந்துகொள்வாய்.

மறுநாள் காலை கியர்பாக்ஸில் ஆயிலின் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பழைய வேட்டித் துணியில் துடைத்துப் பார்த்தேன். புதிதில் செக்கச்செவேலென்று இருக்க வேண்டிய ஆயில், கருப்பட்டிக் காப்பியின் நிறத்தில் இருந்தது. முகர்ந்தேன், தீய்ந்த வாடை இல்லை. அந்த வாடை வந்திருந்தால் உள்ளே கியரைப் பிடித்து வைக்கும் கிளட்ச் பிளேட்டுகள் கருகத் தொடங்கிவிட்டன என்று பொருள். பிறகு ஆயிலைப் பற்றிப் பேசுவதில் பயனே இல்லை. என்ஜின் ஆயிலை ஒருமுறைகூடத் தவறாமல் மாற்றிய நான், இந்த ஒன்பது ஆண்டுகளில் கியர் ஆயிலை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை என்பதை உன்னிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு மெக்கானிக்குகளிடம் கேட்டேன். முதலாமவர், “தொடாதீங்க அண்ணாச்சி, பழைய ஆயில்ல கெடக்கிற தூளுதான் பிளேட்டப் புடிச்சிக்கிட்டிருக்கு, புதுசு ஊத்துனா வழுக்கிரும்” என்றார். இரண்டாமவர், மெஷினை மாட்டி ஒரே மணி நேரத்தில் பழையதை முழுவதும் தள்ளி வெளியேற்றிவிடலாம் என்றார்.

மூன்று நாட்களாக இதே யோசனைதான். முதலாமவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் ஆயில் மாற்றியதும் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர், பிளேட்டுகள் வழுக்கத் தொடங்கிய பிறகே மாற்றியிருப்பார்கள். கடைசி மூச்சில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டு, ஊசி போட்டதால்தான் ஆள் போய்விட்டார் என்று டாக்டரை ஏசுவதைப் போன்றது அது. ஆட்டோமேட்டிக் வண்டியில் ஆயில் வெறும் வழவழப்புக்காக இருப்பதில்லை. அதன் அழுத்தத்தில்தான் பிளேட்டுகள் ஒன்றையொன்று பிடிக்கின்றன. உள்ளே எழும் சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதுதான். நம் ஊர் வெயிலில், வண்ணார்பேட்டை நெரிசலில் இழுத்து இழுத்து நிற்கும் வண்டியில் அந்த ஆயில் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணிப் பார். சத்துப் போன ஆயிலை அப்படியே விட்டுவைத்தால் பிளேட்டுகள் இன்னும் விரைவாகத் தேயுமே தவிர, பிழைக்கப் போவதில்லை.

அதற்காக மெஷினுக்கும் நான் சம்மதிக்கவில்லை. இத்தனை ஆண்டுகள் அடியில் படிந்து கிடந்த கசடு அந்த வேகத்தில் கிளம்பி, ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியின் ஊசித்துளை போன்ற வழிகளில் போய் அடைத்துக்கொண்டால் யார் பொறுப்பு? அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றி, தானாக வடிவதை மட்டும் வடியவிட்டு, அதே அளவு புதிய ஆயிலை ஊற்றுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. மொத்தம் ஆறு லிட்டரில் இரண்டரை லிட்டர்தான் இறங்கும். மீதி, என்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று முறை செய்தால் முக்கால் பங்குக்கு மேல் புதிதாகிவிடும். வண்டிப் புத்தகத்தில் குறிப்பிட்டுள்ள ஆயில்தான் வேண்டும். எல்லாம் ஒன்றுதான் என்று கடைக்காரர் நீட்டியதை வாங்காமல் வந்துவிட்டேன். போல்ட்டின் நுனியிலுள்ள காந்தத்தில் குழைத்த விபூதிபோல் சாம்பல் நிறச் சாந்து ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம்; நகத்தால் எடுக்கும் அளவுக்குச் சில்லுகள் இருந்தால், போல்ட்டைத் திரும்ப முடுக்கிவிட்டு வேறு வண்டி பார்க்க வேண்டியதுதான்.

வேறு வண்டி என்று எழுதுவது எளிது. ஆகஸ்டில் வள்ளிக்குப் பிரசவம். நள்ளிரவில் தென்காசியிலிருந்து அழைப்பு வந்தால், வெள்ளச்சியை நம்பித்தான் நான் புறப்பட வேண்டும். அந்த இருட்டில், பாவூர்சத்திரத்துக்கு இந்தப் பக்கம் அவள் நின்றுவிட்டால் என்ன செய்வேன் என்ற நினைப்பில் இரண்டு இரவுகளாக எனக்கு உறக்கமில்லை.

ஆகவே பழைய சர்வீஸ் ரசீதுகளை வைத்திருக்கும் உன் பச்சை ஃபைலைத் தேடிப் பார். 60,000 கிலோமீட்டர் சர்வீஸில் கியர் ஆயில் மாற்றப்பட்டதா என்பது எனக்குத் தெரிய வேண்டும். மாற்றியிருந்தால் இந்த ஆயிலின் வயது ஒன்றேகால் லட்சம் கிலோமீட்டர். இல்லையென்றால் உள்ளே இருப்பது கம்பெனியில் ஊற்றியதேதான், அப்போது முதல் முறை வடித்துவிட்டு நன்றாக ஓட்டிப் பார்த்த பிறகே இரண்டாம் முறையைப் பற்றி யோசிப்பேன். வருகிற வியாழக்கிழமை போல்ட்டைக் கழற்றுவதாகப் பேசியிருக்கிறேன்; அதற்குள் உன் பதில் வர வேண்டும். மாற்றவில்லையென்றால் மறைக்காமல் எழுது. ஒன்பது ஆண்டு கழித்து நான் உன்னிடம் பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டேன். உன் மதினி கேட்பாள், அது வேறு.

அன்புடன்,
சங்கரலிங்கம்