மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்: அந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம்

அன்பு மாப்பிள்ளைக்கு,

எஞ்சின் தலையை மூடும் டேப்பட் கவரைத் திறந்து நீ எடுத்து அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வால்வுகளை அமுக்கும் ராக்கர் ஆர்ம்களுக்கு நடுவே விரலால் வழித்தெடுக்கும் அளவுக்குக் கறுப்புக் கசடு அப்பிக்கிடக்கிறது. "பழைய மாஸி டிராக்டரை வாங்கி மாட்டிக்கொண்டான்" என்று அக்கா கவலைப்படுகிறாள். எனக்கு அந்தக் கவலை இல்லை. ஒழுங்காகத் திறந்து சுத்தம் செய்தால் அது இன்னும் பல போகம் உழும். ஆயிலை இறக்கிவிட்டு மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றி அரை மணி நேரம் ஓடவிடலாம் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார்களே, அதை நினைத்துத்தான் பயப்படுகிறேன். அதைத் தடுக்கவே இந்தக் கடிதம்.

அந்தக் கசடு என்னவென்று முதலில் பார். டீசல் எரியும்போது வரும் புகைக்கரி, எரியாமல் ஆயிலில் இறங்கிய டீசல், ஈரம், சூட்டில் கெட்டுப்போன ஆயில் எல்லாம் சேர்ந்து இறுகியதுதான் அது. டீசல் எஞ்சினில் ஆயில் மாற்றிய கொஞ்ச நேரத்திலேயே கறுத்துவிடும், அதில் குற்றமில்லை. கரியைப் படியவிடாமல் தன்னுள் மிதக்க வைப்பதுதான் நல்ல ஆயிலின் வேலை. அந்தச் சக்தி தீர்ந்த பிறகும் மாற்றாமல் ஓட்டினால் கரி இரும்பில் ஒட்ட ஆரம்பிக்கிறது.

மண்ணெண்ணெய் ஊற்றினால் இந்தக் கசடு முழுக்கக் கரையாது. பிசுக்கு மட்டும் இளகும், கரிக்கட்டிகள் பெயர்ந்து, கீழே ஆயில் தேங்கும் தொட்டியான சேம்பருக்கு வரும். அங்கேதான் ஆயில் பம்பின் வாயில் உள்ள சல்லடை, அதாவது ஸ்ட்ரெய்னர், இருக்கிறது. வாய்க்கால் தலைப்பில் ஆகாயத்தாமரையை வெட்டி, கரையில் அள்ளிப் போடாமல் தண்ணீரைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அத்தனையும் அடித்துப்போய் அடுத்த மதகில் அடைக்கும், கடைமடை காயும். இங்கே மதகு என்பது ஸ்ட்ரெய்னர், கடைமடை என்பது கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங். ஃபில்டர் அடைத்தாலாவது பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையாவது உள்ளே அனுப்பும். ஸ்ட்ரெய்னர் அடைத்தால் பெரும்பாலும் வேறு வழி கிடையாது. பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இடைவெளிதான். அந்த இடத்தில் மண்ணெண்ணெய் ஆயிலின் வேலையைச் செய்யாது. "நாங்கள் காலம் காலமாக இப்படித்தான் செய்கிறோம், ஒன்றும் ஆனதில்லை" என்பார்கள். லேசாக அழுக்கான எஞ்சின் தப்பித்திருக்கும். உன் படத்தில் இருக்கும் எஞ்சின் தப்பாது.

ஆகவே கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். தாளடி அறுத்து, வயலில் உளுந்தும் பயறும் நிற்கிற இந்த நாட்களில் வண்டிக்கு வேலை குறைவு. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து குறுவைக்குத் தண்ணீர் வந்துவிட்டால் அப்புறம் உனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

வண்டியை நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, ஆயில் சூடாக இருக்கும்போதே டிரெயின் போல்ட்டைத் திற. கையில் பட்டால் வெந்துவிடும், பார்த்துச் செய். வழியும் ஆயிலைச் சுத்தமான தட்டில் பிடித்து வெயிலில் சாய்த்துப் பார். செம்பு நிறத்தில் மினுங்கினாலோ வெள்ளித்தூள் மாதிரி தெரிந்தாலோ பேரிங் ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது. அப்படியானால் சுத்தம் செய்வதோடு வேலை முடியாது, பேரிங்கையும் கழற்றிப் பார்க்க வேண்டும். பழைய ஃபில்டரையும் அறுத்து, மடிப்புகளை விரித்துப் பார். எஞ்சினின் கதையை அதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது.

மேலே முதலில், கீழே கடைசியில் என்ற வரிசையை மாற்றாதே. டேப்பட் பக்கம் சுரண்டும்போது புஷ் ராடு இறங்கும் துளைகளையும் ஆயில் கீழே திரும்பும் துளைகளையும் துணியால் அடைத்துக்கொள். மரக்குச்சியால் அள்ளி எடு, உளி வேண்டாம். பிறகு டீசலில் நனைத்த பிரஷ். துடைக்கும் பனியன் வேஸ்ட் துணியில் நூல் பிரிந்தால் அந்த நூலும் ஸ்ட்ரெய்னருக்குத்தான் போகும், அதனால் நூல் பிரியாத துணியாகப் பார்த்து எடு. எஞ்சினின் மூச்சுக்குழாயான பிரீத்தர் குழாயைக் கழற்றி ஊதிப் பார். அது அடைத்திருந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கசடு மறுபடியும் வரும். பெட்ரோல் பக்கமே போகாதே. டீசலில் கழுவும்போதும் கொட்டகைக்குள் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது.

சேம்பரை இறக்குவதுதான் பெரிய வேலை. சில டிராக்டர்களில் அது வெறும் தகரத் தட்டு அல்ல, கனமான வார்ப்பிரும்பு. முன் ஆக்சிலின் பாரமும் அதோடு சேர்ந்திருக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்காதீர்கள். மரக்கட்டை அடுக்கி முட்டுக் கொடுத்து, இந்த வண்டியைப் பிரித்துப் பழகிய மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய். கூலி கூடத்தான் ஆகும், கொடு. கிராங்க் கடைசல் செலவோடு பார்த்தால் இது சின்னத் தொகை. ஸ்ட்ரெய்னரைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒவ்வொரு கண்ணும் தெரியும்வரை கழுவு.

கழுவிய கறுப்பு டீசலையும் பழைய ஆயிலையும் கேனில் பிடித்து வை, மறுசுத்திகரிப்புக்கு வாங்குகிறவர்களிடம் கொடுக்கலாம். வாய்க்காலில் ஊற்றாதே. அந்தத் தண்ணீர் நம் வயலுக்கு மட்டும் போவதில்லை.

மூடும்போது கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் எல்லாம் புதிதாகப் போடு. கேஸ்கெட் பசையை அள்ளி அப்பினால் உள்பக்கம் பிதுங்கி விழும், மெல்லிசாகத் தடவினால் போதும். புது ஃபில்டரில் ஆயில் நிரப்பி மாட்ட முடிந்தால் அப்படியே மாட்டு. எஞ்சினை அணைக்கும் ஸ்டாப்பரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பத்துப் பதினைந்து விநாடியாக விட்டுவிட்டு செல்ஃப் அடி. ஆயில் அழுத்தம் காட்டும் மீட்டர் முள் எழுந்த பிறகுதான் எஞ்சினைப் பற்றவிட வேண்டும்.

விலை உயர்ந்த ஆயிலை இப்போதே ஊற்றாதே. கையேட்டில் உள்ள கனத்தில் சாதாரண டீசல் எஞ்சின் ஆயில் போதும். கை எட்டாத இடங்களில் மிச்சமிருக்கும் கசடை அது மெதுவாகக் கரைத்து ஃபில்டருக்குக் கொண்டுபோகும். 25 மணி நேரம் லேசான வேலையில் ஓட்டிவிட்டு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்று. இன்னொரு 50 மணியில் மறுபடி மாற்று. ஒவ்வொரு முறையும் ஃபில்டரை அறுத்துப் பார். கட்டி வருவது நின்ற பிறகு வழக்கமான கணக்குக்குப் போகலாம்.

கசடு ஏன் சேர்ந்தது என்றும் தேடு. டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறி, டீசல் வாடை அடித்தால் இன்ஜெக்டரையோ டீசல் பம்பையோ சந்தேகப்படு. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்து, டேப்பட் கவரின் உள்பக்கம் பால் நிறத்தில் நுரை கட்டினால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். சூடான தோசைக்கல்லில் ஒரு சொட்டு ஆயில் விட்டால், தண்ணீர் கலந்திருந்தால் படபடவென்று வெடிக்கும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்.

தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறதா என்றும் பார். சூடு ஏறுகிறது என்று அதைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நம் பக்கம் உண்டு. அது இல்லாத எஞ்சின் சரியான சூட்டுக்கு வருவதே இல்லை, உள்ளே ஈரம் அப்படியே தங்கிவிடும். மழை மாதத்தில் வண்டி கொட்டகையில் நிற்கும்போது தினமும் ஐந்து நிமிடம் சும்மா பற்றவைத்து அணைப்பதும் அதே கேட்டைத்தான் செய்யும்.

ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் மீட்டர் ஓடாத வண்டி என்கிறாய். சேறடிக்கும் பருவத்தில் சேற்றுக்கான இரும்புச் சக்கரமான கேஜ் வீல் மாட்டி ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் 20 நாளில் 240 மணி. பல டிராக்டர்களுக்கு ஆயில் மாற்றச் சொல்லும் கெடு 250 மணி. போன வருஷம்தானே மாற்றினோம் என்று வருஷக் கணக்குப் பார்த்த வண்டிகள்தான் இந்தக் கதிக்கு வருகின்றன. கொட்டகைச் சுவரில் ஒரு நோட்டு தொங்கவிடு. எத்தனை மணி ஓடியது என்று டிரைவர் அன்றன்றைக்கே எழுதட்டும்.

சேம்பர் கேஸ்கெட், டேப்பட் கவர் கேஸ்கெட், ஃபில்டர் மூன்று, இதையெல்லாம் முன்னாலேயே வாங்கி வைத்துவிடு. மன்னார்குடியில் கிடைக்காவிட்டால் தஞ்சாவூரில் கேட்டுப் பார். இறக்கும் நாளைச் சொல், நானும் வருகிறேன்.

அன்புடன்,
மாமா