அப்பா சொன்ன ஷட்டர்

அன்புள்ள மாப்ள,

நீ மூன்று தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. இந்த இருபது நாளில் மருந்துச் சீட்டைப் படம் பிடிக்கவும் தம்பிக்கு வீடியோ கால் போடவும்தான் போனைத் தொட்டேன். இப்போது கள்ளந்திரி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறேன், அப்பா உள்ளே தூங்குகிறார். உன் அம்மாவுக்குத் தை மாதம் முழங்கால் ஆபரேஷன் என்று மெசேஜ் போட்டிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து இங்கே நடந்ததை உனக்கு முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்று மனசில் ஓடிக்கொண்டே இருந்தது.

விடியற்காலை நாலு மணிக்குக் கொல்லைப்புறம் போன அப்பா படியிலேயே விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா சத்தம் கேட்டு ஓடிவந்து பார்த்தபோது இடது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்ததாம். 108ல் ஏற்றி மதுரைக்குக் கொண்டுவந்தார்கள். தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தது. 82 வயதில் ஆபரேஷனா என்று எனக்குப் பயம், சித்தப்பா வேறு புத்தூர்க் கட்டு போட்டுவிடலாம் என்று நிற்கிறார். எலும்பு டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: கட்டுப் போட்டு மாதக்கணக்கில் படுக்க வைத்தால் நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும், காலில் ரத்தம் உறையும், இந்த வயதில் ஆளைக் கொண்டுபோவது அதுதான், முறிவு அல்ல. முடிந்தால் இரண்டு நாளுக்குள் செய்துவிட வேண்டும் என்றார். அதைக் கேட்ட பிறகு நான் யோசிக்கவில்லை, கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம் ரத்தப் பரிசோதனை வந்தது. சோடியம் 122. 135க்குக் குறையக் கூடாதாம். அப்பாவின் பிரஷர் மாத்திரையில் சிறுநீரைப் போக்கும் மருந்தும் சேர்ந்திருக்கிறது, அது உடம்பில் உள்ள உப்பையும் சேர்த்து வெளியேற்றும். போதாததற்கு நான்தான் இரண்டு வருஷமாக அவர் சாப்பாட்டில் உப்பைக் குறைத்துக்கொண்டே வந்தவன், ஊறுகாயைக்கூடப் பிடுங்கிவிட்டேன். சோடியம் இறங்கினால் நடை தள்ளாடுமாம். விழுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்ததைப் பார்த்தேன், வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் சோறு இறங்கவில்லை. சட்டென்று ஏற்றினால் மூளைக்கு ஆபத்து என்று மெதுவாக ஏற்றினார்கள், அதில் ஒரு நாள் போனது. மூன்றாம் நாள் முதுகில் ஊசி போட்டு, உடைந்த பந்தை எடுத்துவிட்டுப் புதுசு வைத்தார்கள். நல்லபடியாக முடிந்தது.

அன்று ராத்திரிதான் எல்லாம் தலைகீழானது. ஐசியுவில் கை ஊசியைப் பிடுங்கிவிட்டார், போய்ச் சேர்ந்து ஆறு வருஷமான அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார், என்னைப் பார்த்து யாருப்பா நீ என்கிறார். கையைக் கட்டிலோடு கட்டி, தூக்கத்துக்கு ஊசி போட்டார்கள். மறுநாள் காலை வீடியோ காலில் மூன்று பேரும் பேசினோம். அப்பாவுக்கு மறதி நோய் வந்துவிட்டது, இனித் தனியாக விட முடியாது, கோயம்புத்தூரில் நல்ல முதியோர் இல்லங்கள் இருக்கின்றன, மாதம் பணம் நான் கட்டுகிறேன், கள்ளந்திரி வீட்டைக் கொடுத்துவிடலாம் என்றான் தம்பி. அவன் கெட்டவன் இல்லை, அமெரிக்காவில் ராத்திரி முழுக்க விழித்திருந்து பேசுகிறவன். தங்கச்சி அழுதாள். என் வீடு இரண்டாவது மாடி, லிப்ட் கிடையாது. நானும் சரி என்றேன். அரை மணி நேரத்தில் அப்பாவின் மிச்ச ஆயுசை முடிவுசெய்துவிட்டோம், அவர் பத்தடி தள்ளிக் கட்டிப்போட்டபடி கிடக்கிறார்.

இரண்டாம் ராத்திரி பதினோரு மணி இருக்கும், கெஞ்சிக் கேட்டு நானே உள்ளே உட்கார்ந்திருந்தேன். அப்பா திமிறிக்கொண்டு ஒரே கத்தல். "ஷட்டரைத் தூக்குங்கடா, தண்ணி ஏறிருச்சு, கரை உடையப்போகுது!" உனக்குத் தெரியும், பொதுப்பணித் துறையில் பெரியாறு கால்வாய் மதகுகளோடு 34 வருஷம் இருந்தவர். வைகையில் இருக்கும் பேரணையிலிருந்து எங்கள் ஊர் வரை இருபோகப் பாசனம், அதற்குத் தண்ணீர் விடும் நாளில் வீட்டுக்கே வரமாட்டார். பழைய நினைப்பில் உளறுகிறார் என்றுதான் நானும் நினைத்தேன், டியூட்டி டாக்டரும் இன்னொரு ஊசி எழுதப் போனார். அப்போது கொஞ்சம் வயதான சிஸ்டர் ஒருவர் வந்தார். கட்டிலுக்குக் கீழே குனிந்து சிறுநீர்ப் பையைப் பார்த்தார், போர்வையை விலக்கி அடிவயிற்றில் கை வைத்தார். "மத்தியானத்திலேருந்து பையில ஒண்ணுமே இறங்கலயே சார்." அப்பாவின் தொடைக்கு அடியில் டியூப் மடங்கி நசுங்கிக் கிடந்தது. எடுத்து நேராக்கியதும் அறுநூறு மில்லிக்கு மேல் இறங்கியது. அப்பா நீளமாக ஒரு மூச்சு விட்டு, "ம், இப்ப சரி" என்று சொல்லித் தூங்கிப்போனார்.

மாப்ள, அந்த மனுஷன் உளறவே இல்லை. தனக்கு என்ன ஆகிறது என்று தனக்குத் தெரிந்த வார்த்தையில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். நாங்கள்தான் கையைக் கட்டிவைத்து ஊசி போட்டோம். வாஷ்ரூமில் போய் நின்று அழுதேன்.

மறுநாள் பொது மருத்துவரைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். இதற்கு டெலிரியம் என்று பேர், மறதி நோய் வேறு, இது வேறு என்றார். மறதி நோய் வருஷக்கணக்கில் மெதுவாக வரும், இது ஒரே நாளில் வந்து காலையில் குறைந்து ராத்திரியில் ஏறும். இடுப்பு முறிந்து ஆபரேஷன் ஆகும் முதியவர்களில் மூன்று நான்கு பேருக்கு ஒருவருக்காவது வருமாம். வலி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, சோடியம், கிருமித் தொற்று, ஏன், அரிப்புக்குக் கொடுக்கும் ஏவில் மாத்திரைகூட இதைக் கிளப்பிவிடுமாம். அப்புறம் அவர் கேட்டார், "உங்க அப்பா கண்ணாடி போடுவாரா, காது கேக்குமா?" கண்ணாடியும் காது மிஷினும் பல் செட்டும் ஒரு பாலிதீன் பையில் தங்கச்சியின் ஹேண்ட்பேக்கில் இருந்தன! ஐசியுவில் தொலைந்துவிடும் என்று சேர்த்த அன்றே எங்களிடம் கொடுத்துவிட்டார்கள். கண் தெரியாமல், காது கேட்காமல், பகலா இரவா என்று சொல்ல ஒரு ஜன்னல் இல்லாமல் நாம் கிடந்தாலும் இப்படித்தான் ஆகியிருப்போம். ரூமுக்கு மாற்றச் சொல்லி, மிஷினை மாட்டி, டியூபை எடுக்கச் சொல்லி, காலையில் ஜன்னல் பக்கம் உட்கார வைத்துத் தினத்தந்தியைக் கையில் கொடுத்தோம். மூன்றாம் நாள் என்னிடம், "வைகை அணையில எத்தனை அடிடா?" என்றார். அதோடு பழைய அப்பா திரும்பி வந்துவிட்டார்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: பென்ஷனில் மாதாமாதம் பிடிக்கிறார்களே, அந்தக் காப்பீடு பெரும்பகுதியைக் கொடுத்தது. முன் அனுமதி வாங்க ஒரு முழு நாள் அலைந்தேன். கையுறை, டயாபர், பஞ்சு என்று அதில் சேராத பில் தனி.

டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் அப்பாவிடமே கேட்டேன். தம்பியையும் லைனில் வைத்துக்கொண்டு, கோயம்புத்தூர் யோசனையை மறைக்காமல் சொல்லி, உங்களுக்கு எங்கே இருக்க வேண்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "எனக்கு ஊருல இருக்கணும். உங்களுக்குக் கஷ்டம்னா சொல்லுங்க, அப்ப வேற பேசுவோம்" என்றார். தம்பி உடனே, "சரிப்பா, வீட்டை விக்க வேணாம்" என்று சொல்லி, இல்லத்துக்குக் கட்டவிருந்த பணத்தில் வீட்டுக்குள்ளேயே வெஸ்டர்ன் கக்கூஸும் கைப்பிடியும் போடச் சொன்னான். போட்டாயிற்று. இனி அவர் குத்தவைக்கக் கூடாது. ராத்திரி துணைக்கு ஒருவர் வருகிறார், நாளுக்கு எழுநூறு. தங்கச்சி மாதம் பத்து நாள், நான் சனி ஞாயிறு. மக்களைத் தேடி மருத்துவத்தில் பதிந்தேன், ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து வாக்கரில் நடக்க வைக்கிறார். நேற்று வாசல் வேப்பமரம் வரை போய்த் திரும்பினார். இது எத்தனை நாள் ஓடும் என்று தெரியாது, தங்கச்சிக்கு மாமியார் வீட்டில் முணுமுணுப்பு ஆரம்பித்திருக்கிறது. ஓடும்வரை ஓட்டுவோம்.

இன்னொன்று, நீ வக்கீல், உன்னிடம்தான் கேட்க வேண்டும். போன வாரம் அப்பா தானாகவே ஆரம்பித்தார், இன்னொரு தடவை மோசமாகி, பிழைக்க வழியில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டால், குழாயைச் சொருகி மிஷினில் போட்டு வைத்துவிடாதீர்கள் என்று. எனக்குக் கேட்கவே பிடிக்கவில்லை, ஆனால் கேட்டேன். 2018ல் உச்ச நீதிமன்றம் இதை முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்றதும், 2023ல் மாஜிஸ்திரேட்டிடம் போகாமல் இரண்டு சாட்சி வைத்து நோட்டரி முன்னால் எழுதினாலே போதும் என்று எளிதாக்கியதும் உனக்குத் தெரிந்திருக்கும். அவர் தெளிவாக இருக்கும்போதே நீ வந்து அவர் வாயால் கேட்டு எழுதிக்கொடு. அந்நிய வக்கீலிடம் பேசமாட்டேன், அவனை வரச் சொல்லு என்கிறார்.

மார்கழிக்குள் வந்துவிடு. வரும்போது அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைச் சீட்டையும் எடுத்து வா, இங்கே பொது மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிவிடலாம். சோடியம் எவ்வளவு என்று இப்போதே பார்த்துவிடு. அம்மாவின் கண்ணாடிக் கூட்டில் பேர் எழுதி ஒட்டி வை.

அன்புடன்,
உன் மாப்ள