கையெழுத்துப் போடாமலே பேசியவர்களுக்கு

அன்புள்ள பெரியம்மாக்கள், சித்திகள், மதினிகள், இந்த வேலையில் கைகொடுத்த மற்ற எல்லோருக்கும்,

வணக்கம். சமூகப் பணித் துறையில் எனக்கு முனைவர் பட்டம் கிடைத்துவிட்டது. மூணாறு தேயிலை எஸ்டேட்டுகளில் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற பெண்கள் அதன்பின் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. ஆய்வேட்டின் முன்பக்கத்தில் ஒரு நன்றியுரை இருக்கிறது. அது ஆங்கிலத்தில், பெரிய பதவியிலிருந்து சின்னப் பதவிக்கு இறங்கும் வழக்கமான வரிசையில் இருக்கிறது. முதலில் யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர்கள் அதைப் படிக்கப் போவதில்லை. அதனால்தான் தனியாக இந்த மடல்.

மனிதர்களிடம் பேசி எழுதும் ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். பேசுகிறவர் ஒவ்வொருவரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். காப்பி கொடுத்து, முறுக்கு கொடுத்து, பேச்சு சூடு பிடிக்கும் நேரத்தில் நான் அந்தக் காகிதத்தை எடுப்பேன். அத்தோடு முடிந்தது. எஸ்டேட் கொடுத்த வரிசை வீடுகளான லயத்துக்கு ஒரு காகிதம் வந்து கையெழுத்துக் கேட்டால், அது வீட்டைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்குக் குடியிருப்பு கொடுக்கச் சொன்னது. ஓய்வுபெற்றவருக்கு அப்படியில்லை. மகனோ மருமகளோ எஸ்டேட்டில் பெயர் பதிந்தால் அதே வீட்டில் தொடரலாம், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மூன்று தலைமுறை உழைத்தும் சொந்தமாக ஒரு சென்ட் மண் இல்லாதவர்கள் காகிதத்துக்குப் பயப்படாமல் வேறு எதற்குப் பயப்படுவார்கள்?

“நான் சொல்றத நீ எழுதிக்கோ தாயி, கைநாட்டு மட்டும் கேக்காத” என்று சொன்ன பெரியம்மாவுக்குத்தான் என் முதல் நன்றி. அந்த ஒரு வாக்கியத்தை அப்படியே கோட்டயத்தில் என் வழிகாட்டி டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் அதைக் குழுவின் முன் வைத்து வாதாடினார். படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைச் சாட்சியாக வைத்து, வாய்மொழியாகச் சம்மதம் வாங்கினால் போதும் என்று முடிவானது. ஆய்வு முறையியல் அத்தியாயத்தில் அது ஒரு பத்தி. அந்தப் பத்தி இல்லையென்றால் மற்ற அத்தியாயங்களே இல்லை.

பெயர் விஷயத்தில் நடந்த சண்டை இன்னொன்று. உண்மைப் பெயரைப் போடக்கூடாது என்பது விதி. 2015 செப்டம்பரில் போனஸ் கேட்டு மூணாறு ரோட்டில் உட்கார்ந்த பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்ற அமைப்பின் பெண்கள் சிலர் இப்போது ஓய்வில் இருக்கிறார்கள். “அன்னைக்கு டிவில எங்கள மூஞ்சியோட காட்டுனாங்க, இப்ப நீ வந்து எதுக்கு ஒளிக்கிற?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, பதில் சொல்லத் திணறினேன். கடைசியில் அவரவர் மாற்றுப்பெயரை அவரவரே வைத்துக்கொள்வது என்று சமாதானம் ஆனது. ஒருவர் இறந்துபோன தங்கையின் பெயரைக் கேட்டார். ஒருவர் ஒரு நடிகையின் பெயரைக் கேட்டார், அதையும் போட்டிருக்கிறேன். பரீட்சகர்கள் கண்டுபிடிக்கவில்லை.

மூணாறு பக்கத்துப் பெட்டிமுடி எஸ்டேட் லயங்களில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மண் சரிந்து 70 பேர் போனார்கள். அதற்குப் பிறகு கேமராவோடும் நோட்டோடும் மலையேறி வந்தவர்களுக்குக் கணக்கில்லை. அந்தக் களைப்பு ஆறாத காலத்தில்தான் நானும் நோட்டோடு வந்து நின்றேன். உறவுகளை இழந்த வீடுகளில் கேள்வி கேட்கப் போகாதே, அவர்களாகக் கூப்பிட்டால் போய் உட்கார்ந்து கேள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். கூப்பிட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் சொன்னதில் ஒரு வரிகூட ஆய்வேட்டில் இல்லை. கூப்பிட்டதற்கு நன்றி.

எஸ்டேட் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாத்தாவுக்கு என் குடும்பமே கடன்பட்டிருக்கிறது. உதவித்தொகைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த பட்டியல் சாதிக் குடும்பங்கள், 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே முன்னோர் இங்கே குடியிருந்ததாகக் காட்டினால்தான் கேரளத்தில் அது கிடைக்கும். லயத்தில் பிறந்து லயத்தில் செத்த என் பூட்டனுக்கு ஏது பட்டா, ஏது பத்திரம்? பழைய செக்ரோல், அதாவது ஆள் வருகையும் கூலியும் எழுதும் பதிவேடு, எந்த அலமாரியில் கிடக்கும் என்று தாத்தாவுக்குத்தான் தெரிந்திருந்தது. அதில் பூட்டன் பெயருக்கு நேரே அன்றைய நாள் கூலி எழுதியிருந்தது.

ஜீப் அண்ணன், எத்தனை முறை கொடுத்தாலும் பாதிக் காசைத் திருப்பிக் கொடுத்தீர்கள். ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கிய தோழி, மழைச் சத்தத்துக்கு நடுவிலும் ஒரு சொல்லைக்கூட விடவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிப்படி பெண் ஆய்வாளருக்கு மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பு மொத்தம் 240 நாள் வரை உண்டு. பிள்ளையைத் தூக்கி வளர்க்கும் மாமியாருக்கு எந்த விதியிலும் விடுப்பு இல்லை. அத்தை, வேறென்ன சொல்ல.

வாய்மொழித் தேர்வு அன்று விடியுமுன்னே பஸ் ஏறி கோட்டயம் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களை மறக்க மாட்டேன். அரங்கில் யாருக்காவது கேள்வி உண்டா என்று தலைவர் கேட்டதும் எங்கள் சித்தி எழுந்தார். “இம்புட்டு எழுதியிருக்கியே, வீட்டக் காலி பண்ணச் சொன்னா யாருகிட்ட போய் நிக்கணும்னு இதுல இருக்கா?” டீச்சர் மலையாளத்தில் சொன்னதும் வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் பேனாவை மூடிவிட்டு, “முதலில் அவருக்குப் பதில் சொல்லுங்கள்” என்றார். கடைசி அத்தியாயத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். சித்தி பாதிதான் தலையாட்டினார்.

மீதிப் பாதிக்காக ஒரு சிறு கையேடு போட்டிருக்கிறேன். ஆய்வேடு, ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் ஆங்கிலத்தில் கிடக்கும், வேண்டியவர்கள் படிக்கட்டும். கையேட்டில் வீடு, பி.எஃப்., கிராஜுவிட்டி (பணிக்கொடை) மூன்றும் தமிழில் இருக்கின்றன. கிராஜுவிட்டி பற்றித்தான் அதிகம் கேட்கிறீர்கள் என்பதால் அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஓய்வுபெற்றபோது நடப்பில் இருந்த 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, 5 ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் கூலி சேர வேண்டும். 30 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும், தாமதித்தால் வட்டியும் உண்டு.

கையேடு ஜீப் ஸ்டாண்டு டீக்கடையில் இருக்கிறது, காசு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் அங்கே இருப்பேன். பழைய சம்பளச் சீட்டு, வேலையில் சேர்ந்த வருஷம் தெரிகிற காகிதம் எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். கையெழுத்து கேட்க மாட்டேன். மனு எழுத வேண்டியிருந்தால் மட்டும், முழுதும் வாசித்துக் காட்டிய பிறகு கேட்பேன்.

உங்கள் லயத்துப் பிள்ளை